பேயைத் திறந்து காட்டுகிறவர்

பேய் ஒரு அலறல் அலறி முடிப்பதற்குள் அவர் கதவைத் திறந்துகொண்டு வாசலுக்கு வந்துவிடுவார். ஸ்பைடர்மேன் உடுப்பில் வந்த நாலு வயசுப் பொடியன் அம்மா காலைக் கட்டிக்கொண்டு நிற்பான். "பயப்படாதே ராஜா, உள்ளே என்ன இருக்குன்னு காட்டறேன் வா" என்று சொல்லிக்கொண்டே எலும்புக்கூட்டின் மண்டையோட்டைக் கழற்றுவார். உள்ளே ஒரு அர்டுயினோ சர்க்யூட் பலகை, ஒரு குட்டி ஸ்பீக்கர், ஒரு சர்வோ மோட்டார். அந்த மோட்டார் நவராத்திரி முடியும்வரை அவர் வீட்டுக் கொலுவில் செட்டியார் தலையை ஆட்டிக்கொண்டிருந்தது. பொடியன் இதையெல்லாம் ரசிக்கிற நிலையில் இல்லை. இதுவரை பேயைப் பார்த்து அழுதவன், இப்போது தலை கழன்ற பேயைப் பார்த்து அழுகிறான்.

அமெரிக்காவில் நம்மவர்கள் நாலு வீடு சேர்ந்து இருக்கிற எந்தத் தெருவிலும் ஹாலோவீன் அன்று, அக்டோபர் 31 சாயங்காலம், இவரைப் பார்க்கலாம். எங்களுக்கு வாய்த்தவர் நியூ ஜெர்சி எடிசனில் இருக்கிறார். படித்தது எலெக்ட்ரானிக்ஸ், பிழைப்பு மென்பொருள். காலேஜை விட்ட பிறகு ஆபீஸ் அவரை ஒரு ரெசிஸ்டரைக்கூடத் தொட விடவில்லை. அந்த ஏக்கம் வருஷத்துக்கு ஒரு தடவை பேயாகக் கிளம்புகிறது. கேட்டால், "தாமஸ் எடிசன் லேப் போட்ட மென்லோ பார்க் இங்கதான் சார் இருக்கு. 1954-ல ஊருக்கே அவர் பேரை வச்சாங்க" என்பார். இருக்கட்டும். 1879 டிசம்பர் 31 ராத்திரி ரயிலேறி வந்த கூட்டத்துக்கு எடிசன் பல்பை எரியவிட்டுக் காட்டினார். வந்தவர் ஒவ்வொருவருக்கும் அதை உடைத்துக் காட்டினதாகத் தகவல் இல்லை.

மண்டையோடு கழன்றதும் பாடம் ஆரம்பமாகிவிடும். "இந்த வெள்ளை முட்டை தெரியுதா? இதுதான் பி.ஐ.ஆர். சென்சார். இது உன்னைப் பார்க்கலை. உன் உடம்புச் சூடு நகர்றதைப் பார்க்குது. உள்ளே பக்கத்துப் பக்கத்துல ரெண்டு கண்ணு. ஒண்ணுல சூடு பட்டு இன்னொண்ணுல படலைன்னா, யாரோ நடக்கறாங்கன்னு அர்த்தம்." பிள்ளை பையை நீட்டும். "ஒரு நிமிஷம். இப்ப டிராகுலாவே வரார்னு வை. செத்த உடம்பு, சூடே கிடையாது. அப்ப இது கத்துமா? கத்தாது!" இந்த ஜோக்குக்கு அவர் மட்டும் சிரிப்பார். பின்னால் வரிசையில் இரண்டு எல்சா, ஒரு டைனோசர், பீட்சாத் துண்டு வேஷத்தில் ஒருவன். யார் கையிலும் இன்னும் மிட்டாய் விழவில்லை.

அம்மாக்கள் மரியாதைக்குத் தலையாட்டிவிட்டு நகரப் பார்ப்பார்கள். ஆபத்து அப்பாக்களால் வருகிறது. யாராவது ஒருத்தர், "ஏன் சார், அல்ட்ராசோனிக் போட்டிருக்கலாமே?" என்று கேட்டுவைப்பார். போச்சு. அப்படிக் கேட்ட ஒருவரை அவர் மனைவி பார்த்த பார்வையை நான் பார்த்தேன். அந்தத் தெருவில் அன்றைக்கு உண்மையிலேயே பயமுறுத்தியது அது ஒன்றுதான்.

அந்த சென்சார் பலகையில் ஆரஞ்சு நிறத்தில் இரண்டு திருகுகள் உண்டு. ஒன்று தூரத்துக்கு, ஏழு மீட்டர் வரை கூட்டலாம். இன்னொன்று நேரத்துக்கு, சில விநாடியிலிருந்து ஐந்து நிமிஷம் வரை. இருட்டில் ஸ்குரூ டிரைவரோடு குனிந்தவர் தூரம் என்று நினைத்து நேரத்தைத் திருகிவிட்டார். அப்புறம் ஒரு அணில் குறுக்கே ஓடினாலும் எலும்புக்கூடு ஐந்து நிமிஷம் ஓலமிட்டது. எதிர்வீட்டு நாய் கூடவே ஒத்து ஊதியது. அப்போதும் அவர் அதை அணைக்கவில்லை. ஏன் ஐந்து நிமிஷம் என்று எல்லோருக்கும் விளக்கிக்கொண்டிருந்தார், ஓலத்தை மிஞ்சிய குரலில்.

அமெரிக்க நாடாளுமன்றத்தின் மேலும் அவருக்கு ஒரு கோபம் உண்டு. 2006 வரைக்கும் அக்டோபர் கடைசி ஞாயிறே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவிடுவார்கள், ஹாலோவீனுக்கு ஐந்து மணிக்கே இருட்டிவிடும். 2007 முதல் அது நவம்பர் முதல் ஞாயிறுக்குப் போய்விட்டது. இப்போது எங்கள் பக்கம் சூரியன் விழ ஆறு மணி ஆகப்போகிறது. குட்டிப் பிள்ளைகளோ நாலரைக்கே பளீர் வெயிலில் வந்துவிடுகிறார்கள். எல்.இ.டி. கண் எரிவதே தெரிவதில்லை. அதனால் பேயின் முகத்தை இரண்டு உள்ளங்கையாலும் பொத்திக்கொண்டு, "இந்தச் சந்துல எட்டிப் பாரு, சிவப்பு தெரியுதா?" என்று ஒவ்வொரு பிள்ளையையும் கூப்பிடுவார். பாவமாகத்தான் இருக்கும்.

எதிர்வீட்டுக்காரர் ஹோம் டிப்போவில் அந்தப் பன்னிரண்டு அடி எலும்புக்கூட்டை வாங்கி நிறுத்தியிருக்கிறார். 2020-ல் 299 டாலருக்கு வந்து கிராக்கியான சமாச்சாரம். பிள்ளைகள் எல்லாம் அங்கேதான் ஓடுகின்றன. "அது சும்மா நிக்குது சார். கண்ணு மட்டும் மினுக்குது. ஒரு லாஜிக் கிடையாது" என்பார் நம்மவர்.

ஆனாலும் ஒன்று சொல்லவேண்டும். கராஜில் அவர் ஒரு பறக்கும் பேய் வைத்திருக்கிறார். பழைய காரிலிருந்து கழற்றிய வைப்பர் மோட்டார், அதன் முனையில் சுழலும் ஒரு கை, அந்தக் கையிலிருந்து மூன்று மீன்பிடி நரம்பு. ஒன்று தலைக்கு, இரண்டு கைகளுக்கு. 12 வோல்ட் மோட்டாரை 5 வோல்ட்டில் ஓட்டுவதால் ஆர அமரச் சுற்றும். ஊதா விளக்கில், ஜன்னல் திரைக்கு வாங்குகிற வெள்ளை வலைத்துணி மெல்ல எழும்பும், தாழும், ஒரு கையை மட்டும் யாரையோ கூப்பிடுகிற மாதிரி நீட்டும். தெருவில் வேறு யாரும் இல்லாத நேரம் நான் அதன் எதிரே நின்றுவிட்டேன். நிஜமாகவே முதுகு சில்லிட்டது. கடையில் எவ்வளவு கொடுத்தாலும் கிடைக்காத பேய் அது. மனுஷனுக்குக் கையில் என்னவோ இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே பின்னாலிருந்து குரல் வந்தது: "வைப்பர் மோட்டார் சார்."

பனிப்புகை மெஷினைப் பற்றி எழுதினால் வீட்டுக்குள் தீ அலாரம் அடித்த கதையையும் எழுதவேண்டும். அது வேண்டாம்.

வேஷத்துக்கு வருவோம். அவர் மகள் கேட்டது சாதாரண எல்சா கவுன். கிடைத்தது 60 எல்.இ.டி. வைத்த கவுன். ஒவ்வொன்றும் முழு வெள்ளையில் 60 மில்லி ஆம்பியர் இழுக்கும், ஆக மொத்தம் 3.6 ஆம்பியர். இடுப்பில் ஒரு பவர் பேங்க். உட்கார்ந்தால் வயர் இழுக்கும், பாத்ரூம் போக இரண்டு பேர் துணை வேண்டும். குளிர் என்று அம்மா மேலே ஜாக்கெட்டைப் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டதும் 60 விளக்கும் உள்ளே எரிந்துகொண்டிருந்தன. பிள்ளை அதற்கும் அலுத்துக்கொள்ளவில்லை. அப்பா காட்டச் சொன்ன இடத்திலெல்லாம் ஜிப்பை இறக்கிக் காட்டியது.

கவுனைத் தைத்தது அவர் மனைவி. ராத்திரி கண்முழித்து, வயர் குத்தாமல் இருக்க உள்ளே தனி லைனிங் வைத்து, ஒவ்வொரு விளக்குக்கும் தனித்தனிப் பை தைத்திருந்தார். மிட்டாய் வாங்கியது, வாசலில் நின்று கொடுத்தது, சிமென்டில் காய்ந்த செயற்கை ரத்தத்தை மறுநாள் தேய்த்துக் கழுவியது எல்லாம் அவரே. வந்தவர்களிடம் நம்மவர் அறிமுகம் செய்தது இப்படி: "துணி வேலை மட்டும் இவங்க." மட்டுமாம்.

இன்னொன்றும் உண்டு. இது தமாஷ் இல்லை. அவர் பற்றவைக்கும் கம்பி 60/40, அதாவது நூற்றுக்கு நாற்பது பங்கு ஈயம். அக்டோபர் முழுக்க அதை உருக்குவது சாப்பாட்டு மேஜையில். கராஜில் குளிராம். காலையில் அவர் மகள் தோசை சாப்பிடுவதும் அதே மேஜையில்தான். ஈயமில்லாத கம்பி கடையில் கிடைக்கிறதே என்று சொல்லிப் பார்த்தேன். "அது 217 டிகிரிக்கு மேலதான் சார் உருகும். இதுன்னா 190-லயே ஓடிடும். ஏன்னா…" என்று ஆரம்பித்தார்.

முதலில் மேஜையைத் துடையுங்கள் என்றேன்.