உருண்டை பிரிதல்: செங்கல்பட்டு மாவட்டத்து முதிய மடிக்கணினிகளின் திரைக்கோளாறு பற்றி ஓர் ஐந்திணை ஆய்வு

1. ஆய்வின் தேவை

குதிரைக்கு அசுவ சாஸ்திரமும் யானைக்குக் கஜ சாஸ்திரமும் எழுதிவைத்த மரபு நம்முடையது. பல்லி தலையில் விழுந்தால் என்ன, தோளில் விழுந்தால் என்ன என்று பஞ்சாங்கத்தில் ஆண்டுதோறும் பட்டியல் அச்சாகிறது. லேப்டாப் திரையில் பச்சைக் கோடு விழுந்தால் என்ன பலன் என்பதற்கு மட்டும் நூலும் இல்லை, உரையும் இல்லை. இந்தக் குறையை ஓரளவேனும் போக்க முற்படுகிறது இவ்வாய்வு.

இத்துறையில் இதுவரை வழங்கும் பகுப்பு இரண்டே: ‘ஹார்டுவேர் பிராப்ளம்’, ‘சாஃப்ட்வேர் பிராப்ளம்’. முதலாவதைச் சொல்பவர் சாஃப்ட்வேர் படித்தவர், இரண்டாவதைச் சொல்பவர் ஹார்டுவேர் படித்தவர் என்பதற்கு மேல் இப்பகுப்பால் விளங்குவது ஒன்றுமில்லை. ஆகவே ஆய்வாளர் இதைக் கைவிட்டு, தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் ஐந்திணைப் பகுப்பை மேற்கொள்கிறார். ஊடல், பிரிதல், இரங்கல், இருத்தல், புணர்தல் என்னும் ஐந்து உரிப்பொருளும் ஒரு கிராபிக்ஸ் சிப்பின் இறுதிக்காலத்தில் ஒன்று விடாமல் நிகழ்கின்றன. வரிசைதான் தலைகீழ். காதல் புணர்தலில் தொடங்கும். லேப்டாப் ஊடலில் தொடங்கும்.

2. களமும் கருப்பொருளும்

காஞ்சிபுரத்திலிருந்து 2019 நவம்பர் 29 அன்று பிரிந்த செங்கல்பட்டு மாவட்டமே ஆய்வுக்களம். பிரிவிலேயே பிறந்த மாவட்டம் என்பது இதன் முதல் தகுதி. இரண்டாவது தகுதி, நால்வகை நிலமும் இங்கே கைக்கெட்டும் தூரத்தில் கிடைப்பது. திருக்கழுக்குன்றத்து மலை குறிஞ்சி. வண்டலூர்க் காப்புக்காடு முல்லை. கொளவாய், மதுராந்தகம் ஏரிகளின் கரை மருதம். மாமல்லபுரம் நெய்தல். பாலைக்கெனத் தனி நிலம் தேட வேண்டியதில்லை. கத்திரி வெயில் தொடங்கிவிட்டால் ஜிஎஸ்டி சாலை நெடுகப் பாலைதான்.

கருப்பொருள்கள் வருமாறு. ஊண்: 19 வோல்ட் மின்சாரம். பறை: விசிறியின் இரைச்சல். பூ: திரையில் பூக்கும் வண்ணப் புள்ளிகள். தெய்வம்: ஹீட் சிங்க். ஆண்டுக்கொரு முறை திறந்து, தூசி தட்டி, புதிய பேஸ்ட் சார்த்த வேண்டிய தெய்வம் இது. பெரும்பாலான வீடுகளில் வாங்கிய நாள் முதல் பூசை நின்றுபோயிருப்பதால் பேஸ்ட் காய்ந்து, காற்றுவழி அடைத்துக் கிடக்கிறது.

மேசைக் கணினியில் கிராபிக்ஸ் கார்டு தனிப் பலகை. கழற்றலாம், வேறு மாட்டலாம். மடிக்கணினியில் அது பெரும்பாலும் மதர்போர்டிலேயே பற்றவைத்த ஒரு சிப். சிப்புக்கும் பலகைக்கும் நடுவே நூற்றுக்கணக்கான பற்றாசு உருண்டைகள், ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. இவ்வுருண்டைகளின் தன்மையை விளங்கிக்கொள்ள மாமல்லபுரத்துக் கிருஷ்ணனின் வெண்ணெய் உருண்டையை ஒப்புநோக்குவது பயன்தரும். அது சுமார் 250 டன். 1908-ல் ஆளுநர் ஆர்தர் லாலி ஏழு யானைகளைக் கட்டி இழுக்கச் சொல்லியும் அசையவில்லை என்பது ஊர்வழக்கு. சரிவில் நிற்கிறது, எதனோடும் ஒட்டவில்லை, ஆகவே பிரிவும் இல்லை. பற்றாசு உருண்டையோ இருபுறமும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதன் துன்பம் அனைத்தும் அங்கிருந்தே தொடங்குகிறது.

3. மருதம்: ஊடல்

மருதத்துக்குரிய பொழுது வைகறை. நோயின் முதற்கட்டத்திலும் விடியற்காலையில் திரை பளிச்சென்று வரும். பத்து மணிக்கு மேல் படம் ஓடவிட்டால் கோடு கோடாக வரும். முதுகில் தட்டினால் சரியாகும். மீண்டும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

மருதத்து ஊடலுக்குக் காரணம் பரத்தையிற் பிரிவு என்பது இலக்கணம். மடிக்கணினியிலும் அஃதே. பிராசசருக்குள்ளேயே இல்லறம் நடத்தும் எளிய கிராபிக்ஸ் ஒன்று உண்டு. அதற்குப் புறம்பே, ஆடல் பாடலில் வல்ல தனிச் சிப் ஒன்றும் உண்டு. தலைவன் கணக்கு வழக்கு பார்க்கையில் இல்லாளிடம் இருப்பான். கேம் என்று வந்துவிட்டால் சேரிக்குப் போய்விடுவான். இவ்வேற்பாட்டுக்கு ‘ஆப்டிமஸ்’ என்று பெயரிட்டு என்விடியா நிறுவனம் 2010-ல் வெளியிட்டது. இருவருக்குமிடையே தூது செல்லும் பாணன்தான் டிரைவர். பாணன் பொய் சொல்வான் என்பது சங்ககாலம் தொட்டே தெரிந்ததால், முதல் வேலையாக டிரைவரை நீக்கிப் புதிதாகப் போட்டுப் பார்ப்பது மரபு.

அதிலும் தீராவிடில் தோழியைக் கேட்க வேண்டும். வெளியிலிருந்து ஒரு மானிட்டரையோ டிவியையோ எச்டிஎம்ஐ கேபிளில் மாட்டுவதே தோழி கூற்று. அதிலும் கோடு தெரிந்தால் குற்றம் சிப்பின் பக்கம். தெரியாவிட்டால் திரையின் மேலோ அதன் கேபிள் மேலோ ஐயம் கொள்ளலாம். விண்டோஸ் எழும்பும் முன்பே, கம்பெனிப் பெயர் வரும்போதே கோடு விழுந்தால் பாணன் குற்றமற்றவன்.

4. பாலை: பிரிதல்

பொழுது நண்பகல், பருவம் வேனில். பிரிவுக்குக் காரணம் வெயில் என்றே உலகம் சொல்கிறது. ஆய்வாளர் இதை மறுக்கிறார்.

வெப்பம் ஒரு டிகிரி ஏறினால் சிலிக்கான் தன் நீளத்தில் பத்து லட்சத்தில் சுமார் 3 பங்கு விரியும். அதைத் தாங்கும் கண்ணாடியிழைப் பலகையோ சுமார் 15 பங்கு விரியும். ஒருவர் ஒரு முழம் நகர, மற்றவர் ஐந்து முழம் நகர்கிறார். குளிரும்போது இருவரும் அதே கணக்கில் சுருங்குகிறார்கள். நடுவில் ஒட்டிக்கொண்டிருக்கும் உருண்டை இரண்டு பக்கமும் இழுபட்டு இழுபட்டு, ஒருநாள் மயிரிழை விரிசல் காண்கிறது. எனவே உறவை முறிப்பது சூடு மட்டுமன்று. சூடும் குளிரும் மாறி மாறி வருவது. காலையில் போட்டு, பத்து நிமிடத்தில் அணைத்து, காபி குடித்து, மீண்டும் போட்டு, அதற்குள் கரண்ட் போய், வந்து, மறுபடி போடும் வீட்டில் சிப்புக்கு ஒரே நாளில் எத்தனை பிரிவு, எத்தனை கூடல்!

வரலாற்றுச் சான்றுகள் உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜூலை 1 முதல் மின்னணுப் பொருள்களில் ஈயத்தைக் கட்டுப்படுத்தியது. உடலுக்கும் மண்ணுக்கும் நல்லது. உருண்டைகள் மட்டும் வேறு கலவைக்கு மாற வேண்டியதாயிற்று. புதிய உறவின் குணம் பிடிபடச் சில ஆண்டுகள் ஆயின. 2008 ஜூலையில், தன் லேப்டாப் சிப்புகளில் சில வழக்கத்தைவிட அதிகமாகச் சாகின்றன, உறையிலிட்ட பொருள்கள் வலுவற்றவை என்று என்விடியாவே அறிவித்து, அதற்காக 15 முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்கியது. 2011-ம் ஆண்டு மேக்புக் ப்ரோ சிலவற்றின் ஏஎம்டி சிப்புகளில் திரை சிதைந்ததால், ஆப்பிள் 2015 பிப்ரவரியில் இலவசப் பழுதுநீக்கத் திட்டம் அறிவித்தது. கலிபோர்னியாவிலும் பிரிவு உண்டு. பாலைக்குத் தனி நிலம் இல்லை என்றவர்கள் தெரிந்துதான் சொன்னார்கள்.

இங்கே ஒரு முரணைப் பதிவுசெய்வது ஆய்வாளர் கடமை. இதே மாவட்டத்தின் கல்பாக்கத்தில் 1985 முதல் ஒரு வேக ஈனுலையை உருகிய சோடியத்தால் குளிர்வித்து வருகிறார்கள். அங்கிருந்து கூப்பிடு தூரத்து வீடுகளில் ஒரு சிப்பைக் குளிர்விக்க லேப்டாப்பைத் தலையணைமேல் வைத்து, டேபிள் ஃபேனைத் திருப்பிவிடுகிறார்கள். தலையணை காற்றுவழியை அடைக்கிறது. ஃபேன் தலையணையைக் குளிர்விக்கிறது.

5. நெய்தல்: இரங்கல்

கடலோரத்தில் நோய் இன்னொரு முகம் காட்டுகிறது. உப்புக்காற்று உள்ளே புகுந்து தூசியில் படிகிறது; உப்பு ஈரத்தை இழுக்கிறது; ஈரத்தூசி மின்சாரம் கடத்துகிறது; செம்பு பச்சை பிடிக்கிறது. மாமல்லபுரத்தில் இதோடு கருங்கல் தூளும் சேர்கிறது. தெருவுக்குத் தெரு சிற்பக்கூடம். உளிச்சத்தம் குறைந்து, கல் அறுக்கும் மெஷின் சத்தம் கூடிவிட்டது. அந்தக் கூடத்து மேசையில் வாடிக்கையாளருக்கு விநாயகர் மாதிரிகளைக் காட்டத் திறந்துவைத்த லேப்டாப், தன் விசிறியால் நாளெல்லாம் கல்மாவை உறிஞ்சுகிறது.

பல்லவன் கல்லுக்கே உப்பிலிருந்து விலக்கில்லை. ராஜசிம்மன் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுப்பிய கடற்கரைக் கோயிலுக்கு அலைதடுப்புக் கற்கள் போட்டு, சவுக்குத் தோப்பு வளர்த்து, கல்லின்மேல் ஈரக் காகிதக்கூழ் அப்பி உப்பை உறிஞ்சி எடுக்கிறது தொல்லியல் துறை. இம்முறையை மதர்போர்டுக்குப் பரிந்துரைக்க ஆய்வாளர் எண்ணி, பின் கைவிட்டார். பலகைக்குப் பிரஷ்ஷும் ஐசோபுரொபைல் ஆல்கஹாலும் போதும். காகிதக்கூழ் கோயிலுக்கே இருக்கட்டும்.

6. முல்லை: இருத்தல்

கார்காலம் தொடங்குமுன் வருவேன் என்று சொல்லிப்போன தலைவனுக்காகக் காத்திருப்பது முல்லை. “வெள்ளிக்கிழமை ரெடியாயிடும் சார்” என்பது அதன் இன்றைய வடிவம். எந்த வெள்ளி என்பது பாட்டில் இல்லை.

இக்கட்டத்தில் செங்கல்பட்டில் மின்சார ரயிலேறி, சென்னை ரிச்சி தெருவரை சென்று உரையாசிரியர்களைக் கலந்தாலோசிப்பது வழக்கம். மூலம் ஒன்று, உரை பல. “டிஸ்ப்ளே கேபிள் லூஸ் சார்” என்பது முதல் உரை. “ராமை கழட்டி ரப்பர் போட்டு தேய்ச்சா வந்துடும்ணே” என்பது இரண்டாவது. “போர்டு போச்சு. இதுக்குச் செலவு பண்றதுக்கு புதுசே பாத்துக்கலாம்” என்பது நச்சினார்க்கினியர் பாணியில் முன்னிருவரையும் மறுத்தெழுதும் உரை. “சிப் லெவல் பாக்கணும்” என்று சொல்பவர் கிடைக்கும்வரை காத்திருப்பதே முல்லை ஒழுக்கம்.

7. குறிஞ்சி: புணர்தல்

பிரிந்தவரைச் சேர்ப்பதில் களவு, கற்பு என இரு நெறி உண்டு. சிப்பைக் கழற்றாமல், ஃபிளக்ஸ் விட்டு, மேலிருந்து ஹாட் ஏர் காட்டி உருண்டைகளை இளக்குவது களவு. கடைக்காரர் சொல்லில் ‘ரீஃப்ளோ’. சிப்பைத் தூக்கி, பழைய உருண்டைகளை வழித்தெடுத்து, சல்லடைத் தகடு வைத்துப் புது உருண்டைகளை அடுக்கி, முறைப்படி மீண்டும் அமர்த்துவது கற்பு; அதாவது ‘ரீபாலிங்’. ஈயமில்லா உருண்டை 217 டிகிரி செல்சியஸை ஒட்டி உருகும். 63-க்கு 37 என்னும் விகிதத்து வெள்ளீயமும் ஈயமும் சேர்ந்த பழைய கலவை 183 டிகிரியிலேயே உருகும். பழையதே வேலைக்கு இணக்கமானது என்று மூத்த கைகள் சொல்வதை இவ்வெண்கள் ஆதரிக்கின்றன.

ஆயினும் ஆய்வின் தலையாய கண்டுபிடிப்பு இங்கேதான் இருக்கிறது. 2008-ல் பேர்போன சிப்புகளில் விரிசல் கண்டவை வெளி உருண்டைகள் அல்ல. சிப்பின் உறைக்குள்ளே, சிலிக்கானுக்கும் அதன் அடித்தட்டுக்கும் இடையே, இன்னும் சிறிய உருண்டைகள் உண்டு, பிரிவு அங்கே. சூடு காட்டினால் அவை சற்றே நெருங்கி, சில வாரம் பேசிக்கொள்ளும். திரை வரும்; கடைக்காரர் பணம் வாங்குவார்; மூன்று மாத வாரண்டி முடியும்வரை எல்லாரும் நன்றாக இருப்பார்கள். வெளி உருண்டைகளுக்கு எத்தனை முறை கல்யாணம் செய்துவைத்தாலும் உள்வீட்டுச் சண்டை தீராது. தீர்வு வேண்டுமானால் சிப்பையே மாற்ற வேண்டும். பழைய லேப்டாப்புக்கு அந்தச் செலவு மொய்ப்பணத்துக்குக் கட்டுப்படியாகாது.

8. ஒழிபு: பெருந்திணை, கைக்கிளை

ஐந்திணைக்கு ஒவ்வாத இரண்டு எஞ்சுகின்றன. மதர்போர்டைக் கழற்றிக் கேக் சுடும் ஓவனில் வைப்பது பெருந்திணை. அயல்நாட்டு வீடுகளில் பயின்றுவரும் இவ்வொழுக்கம் இங்கும் பரவுகிறது. 200 டிகிரிக்கு வைத்தால் ஈயமில்லா உருண்டை உருகாது. உருகும் சூட்டுக்கு ஏற்றினால் பிளாஸ்டிக்கும் சேர்ந்து உருகும். எப்படி ஆனாலும் அதன் புகை படிந்த ஓவனில் பிறகு எதையும் சுட்டுத் தின்னலாகாது.

பயன்படு முடிவு மருதத்திலேயே கிடக்கிறது. தலைவன் வாயில் மறுக்கப்பட்டும் இறுதியில் இல்லம் திரும்புவான். பயாஸிலோ டிவைஸ் மேனேஜரிலோ தனிச் சிப்பை முடக்கி, உள் கிராபிக்ஸிலேயே ஓட்ட முடிந்தால் ஓட்டுக. எல்லா மாடலும் இதற்கு இடம் கொடுப்பதில்லை. கொடுப்பவை இன்னும் பல ஆண்டு கணக்கெழுதும், ரயில் டிக்கெட் போடும், சீரியல் காட்டும். 2011-ல் தமிழக அரசு கொடுக்கத் தொடங்கிய விலையில்லா மடிக்கணினிகளில் சேரியே கிடையாது; ஏழ்மையான கிராபிக்ஸ், எனவே இப்பிரிவும் இல்லை. மற்றபடி விசிறியின் தூசி எடுத்து, பேஸ்ட் மாற்றி, அடிக்கடி அணைத்துப் போடுவதைக் குறைத்தால் சூட்டின் ஏற்ற இறக்கம் குறையும். ஆயுள் சற்றே நீளும்.

கைக்கிளை என்பது ஒருதலைக் காமம். புதிய லேப்டாப் வாங்க வழியிருந்தும், “இதுல பாப்பாவோட ஃபோட்டோ எல்லாம் இருக்குண்ணே, எப்படியாவது பாருங்க” என்று ரீபாலிங்குக்குத் திரும்பத் திரும்பக் கொண்டுவருபவர் இத்திணைக்கு உரியவர். அவருக்கு ஆய்வாளர் சொல்வது: பாப்பாவின் ஃபோட்டோ ஒன்றுகூடக் கிராபிக்ஸ் சிப்பில் இல்லை. அடியில் நாலு ஸ்குரூவைக் கழற்றி ஹார்ட் டிஸ்க்கை எடுத்து, ஒரு யூஎஸ்பி கேஸில் போட்டு வேறு கணினியில் செருகினால் அத்தனையும் வந்துவிடும். இத்தனை நாளும் கோபித்துக்கொண்டது ஒருவர், பொருளை வைத்திருந்தது வேறொருவர்.