அடித்தவன் எங்கே போய் விழுவான்?

ஞாயிற்றுக்கிழமை மத்தியானக் கோபம் இன்னும் ஆறவில்லை. கறிக்குழம்பு மயக்கத்தில் அக்கடா என்று சாய்ந்திருந்தேன். டிவியில் ‘எந்திரன்’. எத்தனையாவது தடவை என்று சேனல்காரனுக்கே தெரியாது. ரோபோ சிட்டி விட்ட ஒரு அடியில் அடியாள் அந்தரத்தில் பறக்க, மச்சினன் என் தொடையில் ஓங்கித் தட்டினான்.

“மச்சான், இது நிஜத்துல முடியும்.”

“எப்படி மாப்ள?”

“லாஜிக் பாக்காதீங்க மச்சான், படத்தைப் பாருங்க.”

முடியும் என்று ஆரம்பித்தவன் அவன். லாஜிக் பார்க்காதே என்று எனக்கு உத்தரவு போடுகிறவனும் அவனேதான். இதே ஆள், பரோட்டாக் கடையில் ரெண்டாவது கரண்டி சால்னா ஊற்றவில்லை என்றால் ஒரு பரோட்டா எத்தனை மில்லி குடிக்கும் என்று முதலாளிக்கே வகுப்பெடுப்பான். அங்கே மட்டும் லாஜிக் வேண்டும்.

பேச்சு ‘இந்தியன்’ தாத்தாவின் ரெண்டு விரல் வித்தைக்குப் போனது. 1996 படம். கமலுக்கு அந்த வர்ம அசைவுகளைச் சொல்லிக்கொடுத்தவர் மதுரைக்காரரான ஆசான் ராஜேந்திரன் என்பதால் ஊர்ப்பெருமையும் சேர்ந்துகொண்டது. அந்த விரல் நிஜத்தில் பலிக்குமா, பலிக்காதா என்பதை இந்தக் கட்டுரையில் கட்டாயம் தீர்த்துவைக்கிறேன். முதலில் இந்தப் பறக்கிற பஞ்சாயத்தை முடித்துவிடுவோம்.

அடியாளுக்கு 80 கிலோ என்று வையுங்கள். ஒரே குத்தில் அவன் 10 மீட்டர் தள்ளிப் போய் விழவேண்டுமானால், கிளம்பும்போதே மணிக்கு 36 கிலோமீட்டர் வேகம் வேண்டும். டவுன் பஸ் வேகம். சரி, கொடுத்துவிட்டோம். ஆனால் 1687-லேயே நியூட்டன் மூன்றாவது விதி என்று ஒன்றை எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறார். நீ எவ்வளவு தள்ளுகிறாயோ, அவ்வளவு உன்னையும் தள்ளும். ஹீரோவுக்கு 70 கிலோ. செருப்பு தார் ரோட்டைப் பிடிக்கிற பிடியெல்லாம் இந்தத் தள்ளலுக்கு முன்னால் தூசு. ஆகவே அவர் மணிக்கு 41 கிலோமீட்டர் வேகத்தில் பின்பக்கமாகக் கிளம்பி 13 மீட்டர் தள்ளிப் போய் விழுவார். அடி வாங்கியவனைவிட அடித்தவன் தூரமாக.

இதை எங்கள் விளாங்குடியில், திண்டுக்கல் ரோட்டில் வைத்துப் பாருங்கள். முதல் குத்து. அடியாள் பரவைப் பக்கம் பறக்கிறான். ஹீரோ ஆரப்பாளையம் பக்கம் பறந்து இளநீர் வண்டியில் விழுகிறார். இளநீர்க்காரர் உடைந்த காய்க்குக் காசு கேட்கிறார். கொடுத்துவிட்டு, சட்டையைத் தட்டிக்கொண்டு ஹீரோ நடந்து வருகிறார். ரெண்டாவது ஆளை அடிக்கிறார். மறுபடி இளநீர் வண்டி. இந்த முறை காசு முன்கூட்டியே. இருபது அடியாட்கள் என்றால் பறந்தது கால் கிலோமீட்டர், திரும்பி நடந்தது கால் கிலோமீட்டர். நம் படங்களில் அடியாட்கள் ஏன் ஒட்டுமொத்தமாகப் பாயாமல் ஒவ்வொருத்தனாக வருகிறார்கள் என்று பல காலமாகக் குழம்பியிருக்கிறேன். விஷயம் இதுதான். ஹீரோ நடந்து திரும்பி வருகிறவரைக்கும் மற்றவர்கள் காத்திருக்கத்தானே வேண்டும்? சும்மா நிற்பார்களா? டீ சொல்வாய்ங்க. ஒருத்தன் வடையை எண்ணெய் பிழிந்துகொண்டிருப்பான். ஒருத்தன் வீட்டுக்குப் போன் போட்டு, “வேலை முடியல, எனக்கு முன்னாடி ஆறு பேரு இருக்காய்ங்க” என்பான். பன்னிரண்டாவது குத்துக்கு மேல் இடுப்பு பிடித்துக்கொண்ட ஹீரோ ஷேர் ஆட்டோவில் வருவார். டிரைவர், “சண்டைக்கா? உள்ள தள்ளி உக்காருண்ணே, இன்னும் ஒரு ஆள் ஏறணும்” என்பார். வில்லனுக்குப் பொறுமை போய், “தம்பி, நாளைக்கு வச்சுக்குவமா?” என்று கேட்கிற கட்டம் வரும். பின்னால் ஒரு சுவர் இருந்தால் ஹீரோ பறக்கமாட்டார் என்று நீங்கள் சொல்லலாம். பறக்கமாட்டார்தான். பறக்கவேண்டிய வேகத்தையெல்லாம் முதுகெலும்பு வாங்கிக்கொள்ளும். 400 கிலோ ஹீரோவாக இருந்தால் அரை மீட்டருக்குள் நின்றுவிடுவார். கால்ஷீட் யார் கொடுப்பது?

“சிட்டி இரும்பு மச்சான், வெயிட்டு இருக்கும்ல” என்றான் மச்சினன். இருக்கட்டும். குத்து மார்பில் பட்டு நிற்கிற நேரம் கண் சிமிட்டுவதைவிடக் குறைவு. அதற்குள் 36 கிலோமீட்டர் வேகத்தை ஏற்றினால் ஆள் பறப்பதற்கு முன்னால் விலா எலும்பு போய்விடும். குத்துச்சண்டை பார்த்திருக்கிறீர்களா? நாக் அவுட் ஆனவன் கயிற்றைத் தாண்டிப் பறப்பதில்லை. முழங்கால் மடங்கி, நின்ற இடத்திலேயே சரிகிறான். பறப்பதெல்லாம் பீட்டர் ஹெய்ன் மாதிரி ஃபைட் மாஸ்டர்கள் ரோப் கட்டி இழுத்து, அப்புறம் ரோப்பைக் கம்ப்யூட்டரில் அழிக்கிற வேலை. இழுபடுகிற ஃபைட்டரின் இடுப்பைப் பற்றி யாரும் ஸ்டேட்டஸ் போடுவதில்லை.

தாத்தாவுக்கு வருகிறேன். அதற்கு முன் காந்தம். சிட்டி நின்ற இடத்திலிருந்தே அரிவாள்களை இழுத்துக்கொள்கிறதே, அது. திருப்பாச்சேத்தி அரிவாள் லாரிப் பட்டையில் அடித்தது, காந்தம் பிடிக்கும், மறுக்கவில்லை. ஆனால் காந்தத்தின் இழுவை, சற்றுத் தள்ளி நின்றால், தூரம் ரெண்டு மடங்காகும்போது பத்து மடங்குக்கும் மேல் குறைந்துவிடும். எட்டத்தில் நிற்கிறவன் அரிவாள் அசைகிற அளவுக்குக் காந்தம் வைத்தால், பக்கத்தில் இருக்கிற கிரில் கேட், சைக்கிள், கேஸ் சிலிண்டர் எல்லாம் முதலில் வந்து சிட்டி மேல் ஏறிவிடும். எவர்சில்வர் குடம் பெரும்பாலும் வராது. குடத்தோடு வந்த அடியாள் பிழைத்தான்.

கடைசியில் மச்சினன் துருப்புச்சீட்டை இறக்கினான். நோக்கு வர்மம். 2011 தீபாவளிக்கு ‘7ஆம் அறிவு’ வந்ததிலிருந்து இவன் கண்ணை உருட்டுவது நிற்கவில்லை. படத்தில் வில்லன் டாங் லீ வெறித்துப் பார்த்தால் போதும், ரோட்டில் போகிறவனெல்லாம் அவனுக்கு அடியாள். வர்மம் இருக்கிறது. தொடுவர்மம் 96, படுவர்மம் 12, ஆக 108 என்று கணக்கே உண்டு. கன்னியாகுமரிப் பக்கத்து ஆசான்கள் எலும்பு பிசகினால் கையால் நீவிச் சரிசெய்கிறார்கள். கையால். பார்த்து மயக்க வேண்டுமென்றால், மயங்குகிறவன் ஒத்துழைத்து எதிரே உட்காரவேண்டும். டாங் லீ எங்கள் ரோட்டில் வந்து நிற்கட்டும். ஹெல்மெட் கண்ணாடிக்குள் ஒருத்தன், செல்போனுக்குள் ஒருத்தன், எதிரே பஸ் வந்தாலும் நிமிராத காலேஜ் பையன் ஒருத்தன். யார் கண்ணை அவன் பிடிப்பான்? ஹாரன் அடித்தே அவனைச் சாகடித்துவிடுவார்கள்.

நோக்கு வர்மம் பலிக்கிற இடம் ஒன்றே ஒன்று எனக்குத் தெரியும். கல்யாண மண்டபத்துப் பந்தி. போன முகூர்த்தத்தில் என் நாற்காலிக்குப் பின்னால் ஒரு பெரியவர் வந்து நின்றார். பேசவில்லை. தொடவில்லை. என் பிடரியையும் இலையையும் மாறி மாறிப் பார்த்தார். சாம்பாரில் பாதியை அப்படியே விட்டேன். ரசத்தை வேண்டாம் என்றேன். பாயசம் மூன்று இலை தள்ளி வந்துகொண்டிருக்கும்போதே கை தானாக இலையை மூடிவிட்டது. நான் முழுசாக எழுந்திருக்கவில்லை, அவர் உட்கார்ந்துவிட்டார்.