அக்கரை இல்லாத பாலம்

பாலம் என்றால் இக்கரைக்கும் அக்கரைக்கும் நடுவில் இருப்பது என்று வாத்தியார் சொன்னபோது புதுச்சேரி குருசுக்குப்பத்துப் பிள்ளைகளான நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டோம். நாங்கள் பாலம் என்று சொன்னது, காந்தி சிலைக்குத் தெற்கே கடலுக்குள் விறுவிறுவென்று போய், மனசு மாறிப் பாதியில் நின்றுவிட்ட ஒன்றை.

அதற்கும் மூத்தது 1866இல் பிரெஞ்சுக்காரர் போட்ட இரும்புப் பாலம். 1952 புயலில் போனது. "இரும்பையே முறுக்கிப் போட்டுச்சுடா" என்று ஆயா சொல்லும்போது, அந்தப் புயலையே ஆயாதான் அவிழ்த்துவிட்டாளோ என்று தோன்றும், அவ்வளவு பெருமை குரலில். புதுப் பாலம் 1962இல் வந்தது. ஊர் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்ததும் அதே வருஷந்தான்.

கரையோரம் ஆழமில்லாததால் கப்பல் தூரத்திலேயே நங்கூரம் போட்டு நிற்கும். சரக்குதான் படகில் வரும். அந்தக் கப்பலுக்காகவே பிறந்தவன் மாதிரி, பெல்பாட்டம் காற்றில் படபடக்க, பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த சொல்தாக்கள் வீட்டுப் பையன்களோடு பாரிஸைப் பற்றி அளந்துகொண்டு, திண்டிவனத்தைக்கூடத் தாண்டாத ஒருவன் சாயங்காலந்தோறும் அங்கே நின்றானே, அவனை இப்போது பார்த்தால் ஒரு கோலி சோடா வாங்கிக்கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவைப்பேன். திரும்பும்போது குப்பம் வரைக்கும் மணலிலேயே நடக்கலாம். வழியில் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தால் நாங்களும் கயிற்றில் கை வைப்போம், இழுத்தோமோ தொங்கினோமோ, கைநிறைய மத்தி கிடைக்கும்.

எண்பதுகளின் கடைசியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகம் வந்தது. இனி கப்பல் வாசலுக்கே வரும் என்று டீக்கடையில் முழங்கியவர்களில் நானும் உண்டு. கப்பல் வந்ததோ இல்லையோ, அங்கே கடலுக்குள் நீட்டிய இரண்டு கல்சுவர்கள், தெற்கிலிருந்து வடக்கே தானாக நகர்ந்துவரும் மணலை மறித்துக்கொண்டன. மணல் அங்கே தங்கியது; எங்கள் கரையைக் கடல் தின்றது. கரைவலை இழுக்கக் கால் ஊன்ற இடமில்லை என்றானபின் லாரி லாரியாகக் கருங்கல் கொண்டுவந்து கொட்டினார்கள். அன்றைக்கு ஒரு வெளியூர் ஜோடி அந்தக் கற்களின்மேல் படமெடுத்தபடி, "பிரெஞ்சுக்காரன் காலத்துக் கல்லுங்களா ஐயா?" என்று கேட்டது. அவ்வளவு ஆசையாகக் கேட்கிறார்களே என்று, ஆமாம் என்றே சொல்லிவைத்தேன்.

2022 மார்ச்சில் பாலம் நடுவில் ஒடிந்து விழுந்தது. அது எனக்குத் தெரிந்தது பாரிஸிலிருந்து அக்கா மகன் அனுப்பிய வாட்ஸ்அப் படத்தில். வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் நடந்ததற்கு இவ்வளவு பெரிய சுற்று. "மாமா, நீங்க நின்ன இடம்" என்று எழுதியிருந்தான். பிரெஞ்சுக்காரர் பாலத்துக்கு ஆயுசு 86, நம்முடையதற்கு 60. கடலுக்கு இரண்டும் ஒன்றுதான்.

தேசிய கடல் தொழில்நுட்பக் கழகம் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்கடியில் தடுப்பு ஒன்றைப் போட்டதில் அந்தப் பக்கம் கொஞ்சம் மணல் திரும்பியிருக்கிறது. ஜனங்கள் அதில் பிள்ளைகளை விளையாடவிட்டுச் சுண்டல் தின்கிறார்கள். குருசுக்குப்பத்தில் இன்னும் கல்தான்.