வெள்ளைப் புகை

வாடிகனில் வெள்ளைப் புகை வந்தால் புதுப் போப்பாண்டவர் கிடைத்துவிட்டார். ஜெகதாப்பட்டினத்தில் விசைப்படகின் புகைக்குழாயில் வந்தால், படகுக்காரருக்குப் புதுச் செலவு கிடைத்துவிட்டது.

கரையில் நிற்கும் அத்தனை பேரும் அந்த நிமிடமே மெக்கானிக். ஒருவர் "நாஸில் போச்சு" என்பார். இன்னொருவர் "டீசல்ல தண்ணி" என்பார். வலை பின்னுகிறவர் தலையைத் தூக்காமலே "ஹெட்டைக் கழட்டு மாப்ளே" என்பார். கழற்றச் சொல்வது இலவசம். மாட்டுவதற்குத்தான் காசு.

பாவம், மூக்கை யாரும் கலந்தாலோசிப்பதில்லை. பச்சை டீசல் நெடி கண்ணைக் கரித்தால் எண்ணெய் சரியாக எரியவில்லை: நாஸில், பம்பு டைமிங், கம்ப்ரஷன் என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். நெடியே இல்லாமல் ஆவி போலக் கலைந்து, கூலிங் தண்ணீரும் குறைந்துகொண்டே வந்தால் ஹெட் கேஸ்கெட் மேல் சந்தேகப்படலாம். குளிர்ந்த எஞ்சினில் கொஞ்சம் வந்து, சூடானதும் நின்றுவிட்டால் டீ குடிக்கப் போகலாம்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். படகுக்குப் பெயிண்ட் அடிப்போம், பொட்டு வைப்போம், மாலையும் போடுவோம். நாஸிலைச் சோதிக்க மட்டும் நமக்கு ஜூன் 15 விடிகாலைதான் நல்ல நேரம்.