சைட்டும் சென்செக்ஸும்

கே: 2004-ல் 5 லட்சத்துக்கு வாங்கின சரவணம்பட்டி சைட், 2024-ல் 50 லட்சத்துக்குப் போச்சுங்க. பத்து மடங்கு! இதுக்கும் கணக்குப் போட்டுப் பார்க்கணுமா? (ஒரு வாசகர், கணபதி)

ப: போட்டால் சந்தோஷம் கொஞ்சம் குறையுமுங்க, பரவாயில்லையா? இருபது வருடத்தில் பத்து மடங்கு என்றால் கூட்டு வட்டிக் கணக்கில் ஆண்டுக்கு 12.2 சதவீதம்தான். 2004 கடைசியில் சென்செக்ஸ் சுமார் 6,600. 2024 கடைசியில் 78,000-க்கு மேல். கிட்டத்தட்ட பன்னிரண்டு மடங்கு, டிவிடெண்ட் தனி. அதற்குக் கம்பி வேலியும் வேண்டாம், புதர் வெட்டும் கூலியும் வேண்டாம். 'ஷேர் விழும், மண் விழுமா?' என்பீர்கள். விழும்; அதன் விலையைத் தினமும் டிவியில் ஓடவிட ஆளில்லை, அவ்வளவுதான். இன்றைக்குக் கிரயம் செய்கிறவருக்கோ முத்திரைத்தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2 என 9 சதவீதம் முதல் நாளே போய்விடுகிறது. புரோக்கர் கமிஷனையும் சேர்த்தால், விலை பத்து சதவீதத்துக்கு மேல் ஏறினால்தான் போட்ட முதலே திரும்பும்.

ஆனாலும் மண்ணுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. 2008-ல் சென்செக்ஸ் பாதிக்கு மேல் சரிந்தபோது பயந்து விற்றவர்களுக்கு அந்தப் பன்னிரண்டு மடங்கு கிடைக்கவில்லை. சைட்காரரும் பயந்திருப்பார், வாங்கத்தான் ஆள் வரவில்லை.