தேய்ந்துபோன மனைகளும் தேயாத கடன்களும்

பெறுநர்: தேசியப் புள்ளியியல் அலுவலகம், புது தில்லி

மதிப்பிற்குரிய கணக்காளர்களே,

உங்கள் 2019ஆம் ஆண்டுக் கடன், முதலீட்டுக் கணக்கெடுப்பின்படி நகரத்துக் குடும்பத்தின் சராசரிச் சொத்து 27.17 லட்சம் ரூபாய். அதில் 87 சதவீதம் நிலமும் கட்டடமும். வீட்டுக்கு விலை போடுவதில் பிசகினால் மொத்தக் கணக்கும் பிசகியது என்று பொருள். அதற்காகவே 2013 சுற்றில், பத்திரப் பதிவுக்கு அரசு நிர்ணயிக்கும் வழிகாட்டி மதிப்பைத் துணைக்கு அழைத்தீர்கள். நல்ல துணை! தமிழ்நாட்டில் அது 2012 ஏப்ரலில் எகிறியது. 2017 ஜூன் 9 அன்று 33 சதவீதம் இறங்கியது. 2023 ஏப்ரலில் பழைய இடத்துக்கே திரும்பியது. உங்கள் இரு சுற்றுகளும் சொத்தைக் கணக்கிட்ட தேதிகளோ 2012 ஜூன் 30, 2018 ஜூன் 30. வழிகாட்டி மதிப்புப் பதிவேட்டைப் பிடித்துக்கொண்டு பார்த்தால், அந்த ஆறு ஆண்டில் சென்னையை ஒட்டிய எங்கள் முடிச்சூர் மனை மூன்றில் ஒரு பங்கு தேய்ந்துவிட்டது. இடையே 2015 டிசம்பரில் அடையாறு பெருகித் தெருவில் படகு ஓடியது உண்மைதான். ஆனால் மனையைக் கரைத்தது ஆறு அல்ல, அரசாங்கம்.

எல்லோருக்கும் ஒரே விகிதத்தில் குறைந்தால் ஏற்றத்தாழ்வுக் கணக்கு மாறாதே என்பீர்கள். மாறும். கடனை நீங்கள் வழிகாட்டி மதிப்பில் கேட்பதில்லையே! 60 லட்சம் பெறும் வீட்டுக்குப் பதிவேட்டில் 30 லட்சம், வங்கிப் பாக்கி 40 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். வீட்டுக்காரர் 10 லட்சம் பள்ளத்தில் கிடப்பார். மாடியில் குடியிருப்பவர் ஒரு பவுன் சங்கிலியோடு அவரைவிடப் பணக்காரராகிவிடுவார். தெருவுக்குள்ளேயும் இதே கூத்துதான். தண்ணீர் தேங்கும் கோடிக்கும் மேட்டுக் கோடிக்கும் பதிவேட்டில் ஒரே சதுர அடி விலை. வாங்க வருகிறவர் கேட்கும் முதல் கேள்வியோ, "பதினஞ்சுல தண்ணி எதுவரைக்கும் வந்துச்சு?"

பதிவேட்டை விட்டு வீட்டுக்காரரையே விலை கேட்டால் கூட்டிச் சொல்வார் என்பது நியாயமான ஆட்சேபம். வரிக்காரர் என்று நினைத்தால் குறைத்தும் சொல்வார். 50 லட்சம், ஒரு கோடி என்று முழு எண்களில் வந்து குவிவார்கள். 53 லட்சத்து வீட்டில் ஒருவரும் இருக்கமாட்டார். ஆனாலும் அமெரிக்கக் குடும்பச் சொத்துக் கணக்கெடுப்பு வீட்டுக்காரரைத்தான் கேட்கிறது. காரணம் இருக்கிறது: ஆளுக்கொரு விதமாகப் பிசகினால் ஓரளவாவது ஒன்றையொன்று ஈடுகட்டும். அரசாணையால் வரும் பிசகு எல்லோரையும் ஒரே பக்கம் தள்ளிவிடும். பத்திரத்தில் எழுதும் விலையும் வழிகாட்டி மதிப்பை ஒட்டியே நிற்பதால், அதைக் கொண்டு இதைச் சரிபார்க்கவும் வழியில்லை.

ஆகவே வீட்டுக்காரர் சொல்லும் விலை, பதிவேட்டு விலை, அக்கம்பக்கத்து வாடகை மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, மூன்றையும் வெளியிடுங்கள். கணக்கெடுப்பாளரை ஐப்பசியில் அனுப்பினால் இன்னும் நல்லது. எந்தக் கோடி எவ்வளவு பெறும் என்பதைக் கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டே அவர் குறித்துவிடலாம்.

இப்படிக்கு,
பட்டாதாரர் ஒருவர்,
முடிச்சூர்