ஒற்றைக் கண் சாக்கு

கொலைப் படம் பார்க்க எனக்குப் பயம். இதை வீட்டில் வாய்விட்டுச் சொல்ல முடியாது. மனைவி பார்ப்பாள், மச்சினன் பார்ப்பான், எழுபது தாண்டிய பெரியம்மா வெற்றிலையை இடித்துக்கொண்டே பார்ப்பார். மழை பிடித்துக்கொண்டால் எங்கள் தேயிலைத் தோட்ட ஊரான லுணுகலையில் இருட்டிய பிறகு வேறு எங்கே போவது? அதனால் ஒரு தற்காப்பு வைத்திருக்கிறேன். இன்றைக்கு என்ன படம் என்று முன்கூட்டியே விசாரித்து, அதை எப்படி எடுத்தார்கள், எதை எங்கே ஒளித்து வைத்தார்கள் என்றெல்லாம் படித்துவிட்டுத்தான் பாயில் உட்காருவேன். கத்தியை ஓங்கும் நேரம் பார்த்து பக்கத்தில் இருப்பவரிடம் அதைச் சொல்லத் தொடங்கினால், திரையைப் பார்க்க வேண்டிய வேலை இல்லை.

முதல் மருந்து ‘சைக்கோ’. ஹிட்ச்காக் எடுத்து 1960இல் வந்தது. குளியலறையில் ஓடுகிற ரத்தம் சொக்லட் பாணி. கறுப்பு வெள்ளைப் படம், நிறத்தை யார் கேட்கப்போகிறார்கள்? கத்தி சதையில் இறங்கும் சத்தத்துக்கு முலாம்பழத்தைக் குத்திப் பதிவு செய்தார்கள். இது தெரிந்த பிறகு அந்தக் காட்சியில் எனக்குப் பயம் வருவதில்லை, பசிதான் வருகிறது. வீட்டில் கித்துள் பாணி இருந்தால் ரொட்டியோடு எடுத்து வைத்துக்கொள்வேன்.

ஆனால் இந்த வைத்தியத்துக்கு இரண்டாம் பாகங்களைப் போல எதுவும் வராது. முதல் படம் எடுக்கும்போது கதை இருக்கும், காசு இருக்காது. படம் ஓடிவிட்டால் காசு வந்துவிடும், கதை தீர்ந்திருக்கும். கதை இல்லாத இடத்தையெல்லாம் பழைய படங்களைப் பார்த்துக் கண்ணடித்து நிரப்புவார்கள். என்னைப் போன்ற பயந்தாங்கொள்ளி ஒதுங்கி நிற்க அதில் நிறைய இடம் உண்டு.

ஜோன் கார்ப்பெண்டரின் ‘ஹாலோவீன்’ 1978இல் வந்தது. அதில் கொலைகாரன் மைக்கேல் மயர்ஸ் போட்டிருக்கும் வெள்ளை முகமூடி கடையில் வாங்கியது, இரண்டு டொலர் கூட இல்லை. ‘ஸ்டார் ட்ரெக்’ கெப்டன் கேர்க், அதாவது நடிகர் வில்லியம் ஷாட்னர் முகம் அது. கண் ஓட்டையைப் பெரிதாக்கி வெள்ளைப் பெயின்ட் அடித்துவிட்டார்கள், அவ்வளவுதான். 1981இல் வந்த இரண்டாம் பாகம், முதல் படம் முடிந்த அதே இரவில் தொடங்குகிறது. கதையில் ஒரு ராத்திரிதான், ஆனால் நடிகை ஜேமி லீ கர்ட்டிஸுக்கு இடையில் மூன்று வருடம் ஓடிவிட்டது. அவர் முடியைக் கட்டையாக வெட்டியிருந்தார். படம் முழுக்க டோப்பா. ஆஸ்பத்திரி நடையில் மயர்ஸ் கத்தியோடு மெல்ல வரும்போது எங்கள் வீட்டில் எல்லோரும் கத்தியைப் பார்ப்பார்கள், நான் டோப்பாவைப் பார்ப்பேன்.

அந்தப் படத்தில்தான் கர்ட்டிஸ் நடித்த பெண் மயர்ஸின் தங்கை என்று ஒரு குண்டைத் தூக்கிப் போடுகிறார்கள். இராத்திரியில் பியரும் கையுமாக உட்கார்ந்து எழுதியபோது வந்த யோசனை அது என்று கார்ப்பெண்டரே பிற்பாடு நொந்துகொண்டார். நான் இதை விளக்கிக்கொண்டிருக்கும்போது பெரியம்மா, “கூடப் பொறந்தவளத் தேடித்தானே வாரான், பாவம்” என்று மயர்ஸ் பக்கம் சாய்ந்துவிட்டார். கடைசியில் அவன் தீயில் வேகும்போது மெய்யாகவே உச்சுக்கொட்டினார்.

இதைவிட நுணுக்கமாக ஒளித்தது ஒன்று உண்டு. ஜேமி லீ கர்ட்டிஸின் அம்மா ஜேனட் லீ. ‘சைக்கோ’வின் குளியலறையில் குத்துப்பட்டுச் செத்தவர் அவர்தான். அந்தப் படத்தில் அவருடைய காதலன் பெயர் சாம் லூமிஸ். ‘ஹாலோவீன்’ படத்து டொக்டருக்கும் அதே சாம் லூமிஸ் என்றுதான் பெயர் வைத்தார்கள். 1996இல் வந்த ‘ஸ்க்ரீம்’ படத்தில் பில்லி லூமிஸ் என்று ஒருவன். பெயர் பரம்பரைச் சொத்தாக இறங்கிக்கொண்டே வருகிறது. 1998இல் ஹாலோவீன் வரிசையில் இன்னொரு பாகம் எடுத்தபோது அம்மாவையே கொண்டுவந்து மகளோடு நடிக்க வைத்தார்கள். அம்மா புத்திமதி சொல்லிவிட்டுப் போய் ஒரு பழைய ஃபோர்ட் கார் பக்கத்தில் நிற்கிறார். ‘சைக்கோ’வில் பணத்தைத் திருடிக்கொண்டு ஓட்டிப்போன கார் வகை, அதே நம்பர் தகடு. பின்னால் ‘சைக்கோ’ படத்து இசை லேசாக வந்து போகும். நான் பாயை விட்டு எழும்பிக் கைதட்டினேன். “கார் நிக்கிறதுக்கு எதுக்குங்க கைதட்டுறீங்க?” என்றாள் மனைவி.

இயக்குநர்களுக்குள்ளும் மாமன் மச்சான் கேலி நடக்கும். வெஸ் கிரேவன் 1977இல் எடுத்த படத்தில், கடற்சுறாப் படமான ‘ஜோஸ்’ போஸ்டரைக் கிழித்துத் தொங்கவிட்டிருந்தார். அதைப் பார்த்த சாம் ரைமி, தன்னுடைய ‘ஈவில் டெட்’டில் கிரேவன் படத்துப் போஸ்டரைக் கிழித்து நிலவறையில் ஒட்டினார். கிரேவன் சும்மா விடுவாரா? 1984இல், கனவில் வந்து கொல்லும் ஃப்ரெடி குரூகரின் படத்தை எடுத்தபோது, கதாநாயகி தூக்கம் வராமலிருக்கப் பார்க்கும் தொலைக்காட்சியில் ‘ஈவில் டெட்’டை ஓடவிட்டார். அதைப் பார்த்தும் அவளுக்குக் கண் சொக்குகிறது. 1987இல் ‘ஈவில் டெட்’ இரண்டாம் பாகம் எடுத்த ரைமி, ஃப்ரெடியின் கத்திக் கையுறையைச் சாமானோடு சாமானாக மாட்டி வைத்துப் பதில் சொன்னார். பத்து வருடச் சண்டை, ஒரு வார்த்தை பேசவில்லை.

நான் படித்த படிப்பெல்லாம் செல்லாக்காசாகிப் போனது ‘ஃப்ரைடே த தேர்ட்டீன்த்’ இரண்டாம் பாகத்தில்தான். அந்த வரிசையின் கொலைகாரன் ஜேசன் என்றால் எல்லோருக்கும் ஹொக்கி முகமூடி ஞாபகம் வரும். அது 1982இல், மூன்றாம் பாகத்தில்தான் வந்தது. முதல் படத்தில் கொலை செய்தது ஜேசனின் அம்மா. 1981இல் வந்த இரண்டாம் பாகத்தில் ஜேசன் தலையில் மாட்டியிருப்பது ஒரு துணிச் சாக்கு. ஒரு கண்ணுக்கு மட்டும் ஓட்டை. இதைச் சொல்லி எல்லோரையும் அசத்தலாம் என்று வாயைத் திறந்தேன். பெரியம்மா முந்திக்கொண்டார்.

“சாக்கு போடவே தெரியல இவனுக்கு.”

மழை நாளில் சாக்கின் ஒரு மூலையை மற்ற மூலைக்குள் தள்ளிக் கொங்காணியாக்கித் தலையில் போட்டு, இடுப்பில் படங்கு கட்டி, அட்டை கடிக்காமல் காலில் சவர்க்காரம் தடவி ஆயுசு முழுக்கக் கொழுந்து எடுத்தவர் அவர். “ரெண்டு கண்ணும் தெரியாம மலையில எப்புடி நடப்பான்? தண்ணி ஓடுற கான்ல விழுந்து கால ஒடிச்சுக்குவான்.” அதோடு ஜேசனின் மேல் எங்கள் வீட்டில் இருந்த மரியாதை போய்விட்டது.

மாமா வேறு வந்திருந்தார். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிறவர். ஜேசன் மன்னாக் கத்தியைத் தலைக்கு மேலே தூக்கிய உடனே, “இவ்வளவு ஒசக்கத் தூக்குனா வீச்சு எங்க நிக்கும்? கத்தியத் தீட்டி எத்தன நாளாச்சோ” என்றார். கவ்வாத்து வெட்டு ஒரே வீச்சில் சாய்வாக விழ வேண்டும், கிளை பிளக்கக் கூடாது, வெட்டில் தண்ணீர் தங்கக் கூடாது என்று கையைச் சாய்த்துச் சாய்த்துக் காட்டினார். திரையில் ஒரு பெண் செத்துக்கொண்டிருந்தாள், யாரும் கவனிக்கவில்லை. அந்தப் படப்பிடிப்பில் கதாநாயகியின் வீச்சு பிசகி, ஜேசனாக நடித்தவரின் விரல் நிசமாகவே வெட்டுப்பட்டது, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள் என்று என் பங்குக்குச் சொன்னேன். “பின்ன? ஒத்தக் கண்ணுல பாத்தா அப்புடித்தான்” என்றார் பெரியம்மா.

மச்சினனுக்குப் பிடித்தது 1997இன் ‘ஸ்க்ரீம்’ இரண்டாம் பாகம். இரண்டாம் பாகம் என்றால் பிணம் கூட வேண்டும், ரத்தம் கூட வேண்டும் என்று அதன் பாத்திரங்களே பேசிக்கொள்கின்றன. முதல் படத்தில் கதாநாயகி, தன் கதையைப் படமாக்கினால் தன் அதிர்ஷ்டத்துக்கு டோரி ஸ்பெல்லிங்கைத்தான் நடிக்க வைப்பார்கள் என்று அலுத்துக்கொள்வாள். இரண்டாம் பாகத்துக்குள் ஓடும் படத்தில் நிசமாகவே டோரி ஸ்பெல்லிங் வந்து அவளாக நடிக்கிறார். தன்னைக் கிண்டல் செய்தவர்கள் கூப்பிட்டதும் வந்து நடித்த அந்த நடிகைதான், என் கணக்கில், இந்தப் படங்களிலேயே தைரியசாலி.

நம் பக்கத்தில் பாரதிராஜாவின் ‘சிகப்பு ரோஜாக்கள்’ இருக்கிறது. ‘ஹாலோவீன்’ வந்த அதே 1978. கமல் கொன்று புதைத்த இடத்தில் ரோஜாச் செடி பூக்கும். வசனம் எழுதிய பாக்யராஜ் சின்ன வேடத்தில் தலைகாட்டிவிட்டுப் போவார். 1980இல் ராஜேஷ் கன்னாவை வைத்து ஹிந்தியிலும் பாரதிராஜாவே எடுத்தார். பெரியம்மா இந்த ஒரு படத்தில் மட்டும் குறை சொல்லவில்லை. நாற்றை நட்டவன் கைப்பக்குவம் நல்லா இருக்கு என்றார்.

எங்கள் ஊரில் இப்படி ஒரு படம் எடுக்க எல்லாம் தயாராக இருக்கிறது. பசறையிலிருந்து வரும் பாதையில் சாயந்தரம் இறங்கும் மூடுபனி இலவசம். கம்பளித் தொப்பியை இழுத்துவிட்டு மஃப்ளர் சுற்றினால் ராத்திரியில் இங்கே யார் வந்தாலும் கொலைகாரன் மாதிரித்தான் இருப்பார், முகமூடிச் செலவு மிச்சம். ரத்தத்துக்கு அட்டைகள் பொறுப்பு. ஆகவே இயக்குநர்களே, வாருங்கள். கொலைகாரனுக்குச் சாக்குத்தான் என்று முடிவு செய்தால், தயவுசெய்து இரண்டு கண்ணுக்கும் ஓட்டை போட்டுக் கொண்டுவாருங்கள். தோட்டத்தில் கான்கள் ஆழம்.